பதினாறு வீட்டுக்கு ஒரு விரிசல்

அபய நிவாஸில் வீடுகள் பதினாறு, விரிசல் ஒன்றே ஒன்று, அந்த ஒன்றும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இரண்டு நாள் ஒன்றாம் நம்பர் வீட்டுக் கூடத்தில் கூரையிலிருந்து தரைவரை இறங்கி நின்றதென்றால், அடுத்த இரண்டு நாள் இரண்டாம் நம்பர் வீட்டுச் சமையலறையில் அஞ்சறைப்பெட்டிக்கு மேலே படர்ந்து நிற்கும், பிறகு மூன்று, பிறகு நான்கு என்று மாடி மாடியாக ஏறி, பதினாறு முடிந்ததும் மறுபடி இறங்கி ஒன்றுக்கு வரும். மதுரைக்கு வெளியே ஒரு கண்மாயில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, அந்த மண் இறுகுவதற்கு ஒரு மழைக்காலம்கூடக் காத்திராமல் ஞானசேகரன் என்ற காண்ட்ராக்டர் எழுப்பிய கட்டடம் அது. குடிவந்து ஏழு வருஷம் ஆகியிருந்த அந்தச் சனங்கள் யாரும் இதை அதிசயமென்று சொல்லிக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரி வருகிற நாள் என்று ஒன்று இருந்தது, குப்பை வண்டி வருகிற நாள் என்று ஒன்று இருந்தது, அது வருகிற நாள் என்றும் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அதை விரிசல் என்று மட்டும் சொல்லக்கூடாது. அம்மை போட்ட வீட்டில் நோய் என்று சொல்லாமல் அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லிப் பழகிய வாய்கள், அதே பழக்கத்தில் அதற்குக் கொடி என்று பேர் வைத்தன. இன்னிக்குக் கொடி எங்க வீட்டுல மதினி, நாளைக்கழிச்சு வாறேன் என்பார்கள். கொடி தங்கியிருக்கிற வீட்டில் ஆணி அடிக்க மாட்டார்கள், அம்மியில் அரைக்க மாட்டார்கள், கதவை அறைந்து சாத்த மாட்டார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளை உள்ள வீட்டுக்கு மார்ச் மாதம் விலக்கு, கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு மண்டலம் விலக்கு, அந்த நாட்களைப் பக்கத்து வீடு சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ளும். யார் வீட்டையாவது வாங்கவோ வாடகைக்குக் கேட்கவோ வெளி ஆள் வந்தால், அன்றைக்குக் கொடியை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்புகிற வீட்டுக்காரி சுவரில் மூன்று தட்டு தட்டி, போயிட்டு வா தாயி என்பாள். அழைக்கிற வீட்டுக்காரி வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். முதல் வருஷம் அதில் ஒரு தலைமயிர் நுழைந்தது, மூன்றாம் வருஷம் சீப்பின் பல் நுழைந்தது, இப்போது சாவிக்கொத்தே நுழைகிறது. அது வளர்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நல்லா ஊட்டமா இருக்கு என்றார்கள்.

இதில் ஏழாம் நம்பர் வீடு ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் கோயமுத்தூருக்குப் போய்விட்டார். ஆளில்லாத வீட்டில் கொடி தங்காது, ஏழின் முறை வருகிற நாட்களில் எட்டாம் வீட்டுக்கே அது தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, எட்டாம் வீட்டுப் பேச்சியம்மாளுக்கு அதில் மனத்தாங்கல். அந்த ஏழாம் நம்பரை வாங்கத்தான் மணிமொழி டீச்சர் ஆசைப்பட்டாள்.

ஆசை என்ற சொல் போதாது. மணிமொழி தமிழாசிரியை, முப்பத்தெட்டு வயது, விவாகரத்து ஆகி ஒன்பது வருஷம், ஏழாவது படிக்கிற ஒரு மகள். அந்த ஒன்பது வருஷத்தில் அவள் பதினோரு வாடகை வீடு மாறியிருந்தாள். சார் எப்ப வருவாரு என்று கேட்டுவிட்டு, சார் வரமாட்டார் என்று தெரிந்ததும் வீட்டைக் கொடுக்காத வீட்டுக்காரர்கள் போக, கொடுத்த பதினோரு பேரில் ஒருவர் அவள் வீட்டுக்குத் தம்பி முறைக்காரன் வந்து போனதற்காகக் காலிசெய்யச் சொன்னார், ஒருவர் தன் மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னார், ஒருவர் தனக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் அவளே ஓடிவர வேண்டியதாயிற்று. யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத நாலு சுவர், அதுதான் அவள் கேட்டது. ஒரு பெண் இந்த ஊரில் இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்பதற்கு இவ்வளவு பெரிய வைராக்கியம் தேவைப்படுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் அவள் தங்கை சுடர்க்கொடிக்குக் கழுத்து நரம்பு புடைக்கும்.

சுடர்க்கொடி கட்டடங்களைச் சோதிக்கிற பொறியாளர். பாலமும் பள்ளிக்கூடமும் தட்டிப் பார்த்து எங்கே உள்ளீடற்றுப் போயிருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. அக்கா வீடு வாங்கப் போகிறாள் என்றதும், நான் வந்து சோதித்து அறிக்கை எழுதாமல் முன்பணம்கூடக் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். வீட்டைக் காட்டிய தரகர் கருத்தபாண்டிக்கு அது அவமானமாகிவிட்டது.

"வாஸ்து பாத்தாச்சு, வில்லங்கம் பாத்தாச்சு. இன்ஜினியர் எதுக்கு டீச்சர்? பொண்ணு பாக்கப் போறப்ப டாக்டரையா கூட்டிட்டுப் போவாக?"

"கூட்டிட்டுப் போகணும்ணே," என்றாள் சுடர். "மாப்பிள்ளை பாக்கப் போறப்பவும் கூட்டிட்டுப் போகணும். எங்க அக்காவுக்கு அப்படிக் கூட்டிட்டுப் போயிருந்தா இன்னிக்கு வீடு தேடி அலைய வேண்டியதில்லை."

மணிமொழி தங்கையின் கையைக் கிள்ளினாள். திசை பார்க்கிறவரைக் கூப்பிட்டுத் தாம்பூலம் வைப்பார்கள், ஈசானிய மூலை சுத்தம் என்று அவர் சொன்னால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், சுவர் நிற்குமா என்று கேட்கிறவள் வந்தால் மட்டும் சகுனத்தடை. சுடர் இதை வாய்விட்டே சொன்னாள். கருத்தபாண்டி காது கேளாதவர்போல முன்னால் நடந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏழாம் நம்பர் வீட்டைத் திறந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேலாயுதம் வந்து வரவேற்றார், வெள்ளை வேட்டியும் எந்த விஷயத்துக்கும் ஒரு சட்டவிதி சொல்கிற வாயும் உள்ள மனிதர்.

"தங்கச்சி பேரு?"

"சுடர்க்கொடி."

வேலாயுதம் சட்டென்று சுவரைப் பார்த்தார். வாசலில் நின்ற நாலைந்து பெண்களும் சுவரைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சுடர் அதைக் கவனித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினாள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள், குண்டு சுவரிலிருந்து ஒரு விரற்கடை விலகி நின்றது. ரசமட்டத்தைத் தரையில் வைத்தாள், உள்ளே இருந்த குமிழி நடுவில் நிற்காமல் தெற்கே போய் முட்டிக்கொண்டது. மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள், கூடத்தில் டங் டங் என்றது, ஜன்னலுக்குக் கீழே வந்ததும் தொப் தொப் என்றது. இவ்வளவு சாய்ந்த வீட்டில் சுவர் எங்கேயாவது வாய் திறந்தே ஆக வேண்டும். ஆனால் சுண்ணாம்பு வழவழவென்று இருந்தது, ஒரு கீறல் கிடையாது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வயிறில்லாமல் நிற்பதுபோல இருந்தது அது.

"தண்ணி குடிச்சிட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டு, யாரும் தடுப்பதற்குள் எட்டாம் நம்பர் வீட்டுக்குள் நுழைந்தாள்.

பேச்சியம்மாள் சுவரில் முதுகைச் சாய்த்துக் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள், ஐம்பத்தைந்து வயதுக்காரி, மாவு அரைத்து விற்கிறவள். அவள் தலைக்கு மேலே, அவள் தோளுக்கு இரண்டு பக்கமும், அவள் மறைக்க முடிந்ததுபோக மீதி இடமெல்லாம் அது இருந்தது, கூரையில் கிளம்பி, கிளை பிரிந்து, மறுபடி சேர்ந்து, தரையில் இறங்கி. சுடர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிளை மெதுவாக நகர்ந்து, நாள்காட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"கொடியப் பயமுறுத்தாத தாயி," என்றாள் பேச்சியம்மாள். "கூச்ச சுபாவம்."

பிறகு ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், முறையை, விலக்கை, மூன்று தட்டை, மஞ்சள் தண்ணீரை. ரேஷன் கடைக்கு வழி சொல்கிற குரலில் சொன்னாள். சுடர் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுக்கு விரிசல் நடப்பதில் ஆச்சரியம் வரவில்லை, அவளுக்கு வந்தது வேறு.

"பதினாறு வீட்டுக்காரங்களுக்கும் தெரியும். ஏழு வருஷமா தெரியும். வாங்க வர்றவங்க கிட்ட ஒருத்தர்கூட சொல்லல."

"சொன்னா யாரு வாங்குவா?"

"அதுக்காகச் சொல்லாம விடுவீங்களா?"

"அது யாரையும் கடிச்சுச்சா? ஒரு வீட்டுலயே நின்னா அந்த வீடு இடிஞ்சு போகும். நாங்க பதினாறு பேரும் பங்கு போட்டுத் தாங்குறோம். நீ படிச்சபிள்ள, இதுல என்ன தப்புன்னு சொல்லு."

"கட்டிக் கொடுத்த ஞானசேகரன் எங்க பங்கு போடுறாரு? அவரு வீட்டுக்கு இது எப்பப் போகுது? அவருக்கு எந்தக் கிழமை?"

அப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்றே பேச்சியம்மாளுக்கு இத்தனை வருஷத்தில் தோன்றியதில்லை.

சுடர் பேச்சியம்மாள் சொன்னதையெல்லாம் அக்காவிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே அறிக்கை எழுதினாள். இந்தக் கட்டடத்தில் விரிசல் உள்ளது, அடித்தளம் இறங்குகிறது, குடியிருக்கத் தகுதியற்றது. மணிமொழி அதை ஒருமுறை படித்து, இரண்டாம் வரியில் ஒரு சந்திப்பிழையைத் திருத்தி, நாலாக மடித்தாள்.

"நான் வாங்குறேன்டி."

"அக்கா, அந்தக் கட்டடம் விழும்."

"என்னிக்கோ விழும். என்னை வீட்டுக்காரங்க மாசாமாசம் விழ வைக்கிறாங்க. அந்தப் பேச்சியம்மா என்ன கேட்டுச்சு தெரியுமா? மக எத்தனாவது படிக்கிறான்னு கேட்டுச்சு. புருஷன் எங்கன்னு கேக்கல. அங்க எல்லாருக்கும் ஒரு முறை இருக்கு, எனக்கும் ஒரு முறை தருவாங்க. ரெண்டு நாள் நானும் வச்சுக்கிறேன். அதுல என்ன போச்சு? ஒரு இடத்துல என்னையும் எண்ணிக்கையில சேக்குறாங்க சுடரு."

ஓர் ஆபத்தில் பங்கு கிடைப்பதையே இடம் கிடைப்பதாக எண்ணுகிற அளவுக்குத் தன் அக்காவைத் தேய்த்துவைத்த பதினோரு வீட்டுக்காரர்கள்மீது சுடருக்கு வந்த கோபத்தில் அன்று சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம். வீடு வாங்க சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். கூட்டம் வேலாயுதத்தின் ஒன்பதாம் நம்பர் வீட்டில், கொடிக்கும் அன்று அங்கேதான் முறை, அது அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் படர்ந்து, கூட்டத்தில் தானும் ஓர் உறுப்பினர்போல அசையாமல் இருந்தது. காப்பி கொடுத்தார்கள். டீச்சருக்கு டிகாஷன் தூக்கலா என்று கேட்டுப் போட்டார்கள். ஒருத்தி மணிமொழியின் தலையில் பூ வைத்துவிட்டாள், கட்டிய கணவன் போனபின் பூ வைக்கலாமா என்று யாரும் யோசிக்காமல் ஒருத்தி வைத்துவிட்டது அதுதான் முதல் தடவை. மணிமொழியின் கண் நிறைந்துவிட்டது. சுடர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலாயுதம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சங்கப் பதிவேட்டைத் திறந்து மணிமொழி பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து டீச்சர். அடுத்த மாசத்து முறை. சம்பிரதாயந்தான்."

பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை பார்த்த கண் அது. எந்த ஆசிரியைக்கு எத்தனை வகுப்பு, யாருக்கு ஓய்வுவேளை, யார் தலையில் எல்லாம் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுகிற கண். கட்டங்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொரு கட்டத்திலும் தேதி, தேதிக்குக் கீழே வீட்டு எண். ஏழு. ஏழு. ஏழு. ஏழு. மாதம் முழுக்க ஏழு. பக்கத்தைத் திருப்பினாள், அடுத்த மாதமும் ஏழு. மார்ச்சும் ஏழு. பரீட்சை விலக்கு இல்லை.

"இது தப்பா எழுதியிருக்கீங்க சார்."

"இல்ல டீச்சர்." வேலாயுதம் தொண்டையைச் செருமினார். "பொதுக்குழு முடிவு. மத்ததெல்லாம் குடும்பம் இருக்கிற வீடு."

"எனக்கும் குடும்பம் இருக்கு. என் மக இருக்கா."

"அதாவது, ஆம்பளத் துணை உள்ள வீடு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா வந்து சத்தம் போட ஆள் இருக்கிற வீடு. நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது, உங்க வீட்டுக்குக் கேக்க ஆளில்ல."

"தனியா இருக்கீக," என்றார் பின்னாலிருந்து ஒருவர், நல்ல மனதோடுதான் சொன்னார். "உங்களுக்கும் ஒரு துணை ஆச்சு."

இரண்டு பேர் சிரித்தார்கள். பேச்சியம்மாள் தரையைப் பார்த்தாள்.

சுடர் எழுந்துவிட்டாள், அவள் நாக்கில் பத்து வாக்கியங்கள் அடுக்கி நின்றன, பத்தும் கொல்லக்கூடியவை. ஆனால் மணிமொழி அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். தலையிலிருந்த பூவை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தாள். தங்கையின் பையைத் திறந்து, சோதனைக்கு அடையாளம் போடுகிற சிவப்பு மெழுகுக்குச்சியை எடுத்தாள். நாற்காலிகளுக்கு நடுவே, பிழை கண்ட ஆசிரியை கரும்பலகைக்குப் போகிற அந்த அவசரமில்லாத நடையில் சுவரிடம் போனாள்.

"இது கொடி இல்ல," என்றாள். "கொடின்னா துளிர் இருக்கணும், பூ இருக்கணும், பத்திப் பிடிக்க ஒரு கொம்பு தேடணும். இதுல எதுவும் இல்ல. தப்பான சொல்லு இது. ஏழு வருஷமா பதினாறு வீட்டுலயும் தப்பாச் சொல்லிட்டிருக்கீங்க."

சங்கத்தார் எழுவதற்குள், அந்தப் பிளவின் பக்கத்தில், கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரிகிற குண்டு குண்டான எழுத்தில் எழுதி, வாய்விட்டும் படித்தாள்: விரிசல். கீழே அன்றைய தேதியைப் போட்டாள்.

அது தன் பேரைக் கேட்டது. எல்லாரும் பார்த்தார்கள், ஒரு கணம் அது மூச்சை இழுத்துக்கொண்டதுபோல மெலிந்தது, பிறகு இருந்த இடத்தில் இருந்தது. இனிமேல் நகராது என்பது பார்த்ததுமே தெரிந்தது. அதே கணத்தில் கீழ்வீட்டில் எவர்சில்வர் குடம் ஒன்று உருண்டது. மேல்வீட்டில் ஒருத்தி, ஏங்க இங்க வாங்க என்றாள். மாடிப்படியில் காலடிகள் இறங்கின, ஏறின. எங்க வீட்டுல வந்துருச்சு என்றார்கள் நாலாம் நம்பரில். எங்க வீட்டுலதான இருக்கு என்றார்கள் பன்னிரண்டில். சாமி படத்துக்குப் பின்னால், பீரோவுக்குப் பின்னால், தொட்டில் கட்டிய கொக்கிக்கு இரண்டு பக்கமும், ஒன்றாம் வீட்டின் தரையில் தொடங்கிப் பதினாறாம் வீட்டின் கூரைவரை ஒரே கோடு, எல்லா வீட்டிலும், ஒரே நேரத்தில், சாவிக்கொத்து நுழைகிற அகலத்தில். அது ஒருநாளும் வீடு மாறியதில்லை. பதினாறு வீட்டிலும் எப்போதும் இருந்தது, அதைப் பார்ப்பதற்குத்தான் அவர்கள் முறை வைத்திருந்தார்கள்.

"டீச்சர் வந்துதான் இப்படி ஆச்சு," என்றார் வேலாயுதம். "நல்லா இருந்த கட்டடம். விதிப்படி எழுதின ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"யாருக்கு முடிஞ்சிருக்கும் சார்?" என்றாள் சுடர். "எங்க அக்காவுக்கும் அவ மகளுக்குமா?"

எல்லார் கண்ணும் பேச்சியம்மாளிடம் போனது, ஏழின் முறையையும் சேர்த்துச் சுமந்து இரண்டு முறைக்காரியாக இருந்தவள் அவள்தானே. அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"விரிசல்," என்றாள், புதுச் சொல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பதுபோல. மறுபடியும் சொன்னாள். "விரிசலுதான் தாயி. எனக்கு மொத வருசமே தெரியும்." பிறகு வேலாயுதத்தைப் பார்த்து, "எந்திரிங்க, இனி இங்க உக்காந்து கூட்டம் போடக்கூடாது," என்றாள்.

அரைமணி நேரத்தில் பதினைந்து வீடும் காலியாயிற்று. பிள்ளைகள், பாஸ்புக்குகள், மாத்திரை டப்பாக்கள், ஒரு கிளிக்கூண்டு, பாதி வெந்த சோற்றுப் பானை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வெளிச்சுவரிலும் அது இருந்தது, வழிப்போக்கர்கள்கூட நின்று பார்த்தார்கள். இப்போது எல்லாருக்கும் வாடகை வீடு வேண்டும். அதைப் பற்றி அங்கே தெரிந்தவள் ஒருத்திதான். நாலாம் நம்பர்க்காரி கூச்சத்தோடு அவளிடம் வந்தாள்.

"வீடு பாக்கப் போனா என்ன கேப்பாக டீச்சர்?"

"புருஷன் எங்கன்னு கேப்பாங்க," என்றாள் மணிமொழி. "நீங்க கையோட கூட்டிட்டுப் போங்க. உங்களுக்குக் கிடைச்சிரும்."

அவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டாவது வாடகை வீட்டை அவள் அடுத்த வாரமே தேடியாக வேண்டும், அது அவளுக்குத் தெரியும், அதற்காக இந்தப் பாழுங்கட்டடத்தின் சாவியை அவள் வாங்கப்போவதில்லை என்பதும் தெரியும். தங்கை எழுதிய அறிக்கையை மடிப்புப் பிரித்தாள்.

"இதை அந்த ஆள் கிட்டக் குடுக்கணும். வர்றவங்க வாங்க."

ஞானசேகரன் வீடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பாறைமேல் இருந்தது. கண்மாயை ஊருக்கு விற்றவர் தனக்குப் பாறையைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார், அவர் வீட்டில் எப்போதும் எந்த முறையும் கிடையாது. அறுபது பேர் வெயிலில் நடந்தார்கள். யார் முதலில் தொடங்கினார்கள் என்று தெரியாது, நடக்கும்போதே ஒவ்வொருவராக அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள், வேலாயுதம்கூட, கடைசி வரிசையில், தனக்கு மட்டும் கேட்கும்படி.

வாசல் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்குள்ளிருந்து ஒரு நோட்டை நீட்டினார். பேர், ஊர், வந்த காரணம், மூன்றையும் எழுதாமல் யாரையும் உள்ளே விடக்கூடாதென்று முதலாளி உத்தரவு.

எழுதினார்கள். ஒருவர் பின் ஒருவராக அறுபது பேரும் எழுதினார்கள். ஒருத்தர் வல்லின றகரம் போட்டுவிட்டார், மணிமொழி அங்கேயே நிறுத்தி அடித்துத் திருத்தச் சொன்னாள். பேச்சியம்மாளுக்கு எழுத வராது, சுடர் அவள் கையைப் பிடித்து எழுதவைத்தாள். நாலு பக்கம் நிறைந்தது. காவலாளி நோட்டை வாங்கிக் கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழாக விரல் வைத்து வாசித்தார், பக்கத்தைத் திருப்பினார், மறுபடி வாசித்தார். கம்பிக்கு வெளியே நின்றவர்களின் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த போனை எடுத்து, தான் படித்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் படித்தபடியே சொன்னார்:

"ஐயா, உங்களப் பாக்க விரிசல் வந்துருக்கு."